ஆந்தை கத்தியதற்காக மரத்தை வெட்டாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் ரிட்டையர் ஆகியும் கிளாஸ் எடுப்பதை விடவில்லை என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் கடைசி வரை படித்துவிட்டுச் சிரியுங்கள் கண்ணுங்களா.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மூன்று நாளாக ஒரு பேச்சு ஓடுகிறது. அதில் இல்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பெரிய மாமா போன மாதம் தவறிவிட்டார். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டு வாசலில் நிற்கிற பலா மரத்தில் ஆந்தை உட்கார்ந்து கத்தியதாம். "அதுதான் மாமாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இன்னமும் ராத்திரியானால் கத்துகிறது. அடுத்தது யாரோ" என்று ஒருவர் குரல் பதிவு போட்டார். இருபது பேர் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். இன்னொருவர், எத்தனை முறை அலறினால் என்ன பலன் என்று ஒரு பட்டியலையே அனுப்பினார். கடைசியில் முடிவு வந்தது: வருகிற ஞாயிற்றுக்கிழமை பலா மரத்தை வெட்டுவதற்கு ஆள் பேசியாகிவிட்டது.

"வேண்டாம்" என்று நான் ஒரு வரி எழுதினேன். "உங்களுக்கு நம்பிக்கை இல்லையென்றால் சும்மா இருங்கள்" என்று பதில் வந்தது. சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி இங்கே எழுதுகிறேன். நான் சொல்ல வருவது இதுதான்: அந்த ஆந்தை ஒரு தப்பும் செய்யவில்லை. அதன் மேல் பழி போட்டதால், மாமாவின் சாவிலிருந்து நாம் கற்றிருக்க வேண்டிய பாடத்தைக் கற்காமல் விட்டுவிட்டோம்.

முதலில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது யார் என்று பார்ப்போம். குரல் பதிவின் பின்னணியிலேயே அதன் சத்தம் கேட்கிறது. "கிர்ர்... கிர்ர்... சீவக் சீவக்" என்று இரண்டு பறவைகள் மாறி மாறிச் சண்டை போடுவதுபோலக் கத்துகின்றன. அது புள்ளி ஆந்தை. மைனா அளவுதான் இருக்கும், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. சாம்பல் கலந்த பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், மஞ்சள் கண், வெள்ளைப் புருவம். நம்மைப் பார்த்தால் தலையை மேலும் கீழும் ஆட்டி ஆட்டி முறைக்கும். சேலம் அடிவாரத்திலிருந்து மேலே வருகிற வழியில் மரப்பொந்துகளிலும் பாழடைந்த கட்டடச் சுவர்களிலும் நீங்கள் எல்லோரும் பார்த்த பறவைதான். இந்தியாவில் முப்பதுக்கும் மேற்பட்ட ஆந்தை வகைகள் இருக்கின்றன. மனிதரோடு ஒட்டி வாழ்கிறவற்றில் முக்கியமானது இது.

இதன் அறிவியல் பெயர் அத்தீனி பிரமா. சிற்றினப் பெயரை 1821இல் வைத்தவர் டெமிங்க் என்ற டச்சு விலங்கியலாளர். அத்தீனி என்பது பேரினப் பெயர். கிரேக்கர்களின் அறிவுத் தெய்வமான அத்தீனாவின் பெயர் அது. பிரமா என்பது நம்முடைய பிரம்மாவின் பெயர். ஒரு பக்கம் அறிவின் தேவதை, இன்னொரு பக்கம் படைக்கும் கடவுள். இப்படிப் பெயர் வாங்கிய பறவையை நாம் எமனின் ஏஜென்ட் ஆக்கிவிட்டோம்.

இதே பேரினத்தில் இதன் பங்காளிகள் சிலரையும் அறிமுகப்படுத்துகிறேன். பாடம்தானே, கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவிலிருந்து சீனா வரை பரவி இருப்பது அத்தீனி நோக்டுவா. புள்ளி ஆந்தைக்கு மிக நெருங்கிய சொந்தம். ஏதென்ஸ் நகரத்துக்காரர்கள் 2,400 வருடத்துக்கும் முன்பே தங்கள் வெள்ளி நாணயத்தில் அச்சடித்த ஆந்தை இதுதான். ஜெர்மனியிலும் அயர்லாந்திலும் இருக்கிற என் மாணவர்கள் பர்ஸைத் திறந்து பாருங்கள். கிரேக்க நாட்டு ஒரு யூரோ நாணயம் கிடைத்தால் அந்தப் பழைய ஆந்தை அதில் உங்களை முறைத்துக்கொண்டிருக்கும். ஆனால் பக்கத்திலிருந்த ரோமாபுரிக்காரர்களுக்கு ஆந்தையின் குரல் அபசகுனம். நடுவில் ஒரு கடல்தான். இந்தக் கரையில் அறிவு, அந்தக் கரையில் சாவு என்றால், சகுனம் எங்கே இருக்கிறது? பறவையிடமா, கேட்கிறவர் மனதிலா?

அமெரிக்கக் கண்டங்களில் இருக்கிறது அத்தீனி குனிகுலாரியா. புல்வெளியில் மற்ற விலங்குகள் தோண்டிய வளைகளில் குடியிருக்கும். பகலிலும் நடமாடும். வளை வாசலில் சாணத்தைக் கொண்டுவந்து பரப்பி, அதைத் தேடி வருகிற சாணவண்டுகளைப் பிடித்துத் தின்னும். அது தற்செயல் இல்லை, வண்டு பிடிக்கும் தந்திரம்தான் என்று 2004இல் ஆராய்ச்சியாளர்கள் நிரூபித்தார்கள். எப்படி நிரூபித்தார்கள்? சாணம் போட்ட வளை, போடாத வளை இரண்டையும் ஒப்பிட்டுத் தின்ற வண்டுகளைக் கணக்கெடுத்தார்கள். இந்த "ஒப்பிட்டு" என்ற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவேன்.

மூன்றாவது நம் நாட்டுக்கே உரிய அத்தீனி பிளெவிட்டி. மத்திய இந்தியக் காடுகளில் மட்டும் இருக்கிறது. பின்னாளில் காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஏ.ஓ. ஹியூம்தான் 1873இல் இதை உலகுக்கு அறிவித்தார். 1884க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. 1914இல் குஜராத்தில் பிடித்ததாக மைனெர்ட்ஷாகன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஒரு மாதிரியைக் காட்டியிருந்தார். பிறகு சோதித்தால், அருங்காட்சியகத்தில் திருடிய பழைய மாதிரிக்குப் புது லேபிள் ஒட்டியிருந்தது தெரிந்தது. அந்தப் பொய் லேபிளை ஒதுக்கிவிட்டு, உண்மையான பழைய குறிப்புகளை வைத்துத் தேடிய பமீலா ராஸ்முஸனும் கூட்டாளிகளும் 1997 நவம்பரில் மகாராஷ்டிராவின் ஷகாதா பக்கத்தில் உயிரோடு அந்தப் பறவையைக் கண்டார்கள். 113 வருடம் கழித்து!

லேபிளில் எழுதியிருக்கிறது, பெரிய அதிகாரி சொல்லியிருக்கிறார் என்று நம்பிய வரைக்கும் தேடல் தப்பான இடத்துக்கு இழுத்தது. சரிபார்த்த பிறகுதான் பறவை கிடைத்தது. வாட்ஸ்அப்பில் வந்த "எத்தனை முறை அலறினால் என்ன பலன்" பட்டியலும் ஒரு லேபிள்தான். ஒட்டியது யார், எதைப் பார்த்து ஒட்டினார் என்று கேட்க வேண்டாமா?

இப்போது கணக்குக்கு வருவோம். எட்டாம் வகுப்புக் கணக்குப் போதும்.

நம் மாநிலத்தில் ஆயிரம் பேருக்கு வருடத்துக்கு ஆறு, ஏழு பேர் இறக்கிறார்கள். ஆயிரம் பேர் இருக்கிற ஒரு மலை கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஏழு சாவு. புள்ளி ஆந்தை எத்தனை இரவு கத்தும்? அது ஓர் இடத்தில் ஜோடியாகக் குடியிருந்து, எல்லையைக் காக்கவும் துணையைக் கூப்பிடவும் கத்துகிற பறவை. முட்டையிடும் காலம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. அப்போது இன்னும் அதிகம். குறைத்து மதிப்பிட்டு, இரண்டு இரவுக்கு ஓர் இரவு கத்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 180க்கு மேல். கத்தியது 180 இரவு, செத்தது 7 பேர். மீதி 170 இரவு அது யாரைக் கூப்பிட்டது?

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரு சாவு நடந்தால், "அதற்கு முந்தைய ஒரு வாரத்தில் ஆந்தை கத்தியதா?" என்று எல்லோரும் யோசிக்கிறோம். பாதி இரவுகளில் கத்துகிற பறவை, தொடர்ந்து ஏழு இரவும் வாய் திறக்காமல் இருக்க வாய்ப்பு எவ்வளவு? அரையை அரையால் ஏழு முறை பெருக்குங்கள். 128இல் ஒன்று. அதாவது எந்தச் சாவாக இருந்தாலும், யார் வீடாக இருந்தாலும், முந்தைய வாரத்தில் ஆந்தை கத்தியிருக்கும். நாய் குரைத்திருக்கும், பால்காரர் மணியடித்திருப்பார், மணல் லாரி போயிருக்கும். அவற்றையெல்லாம் யாரும் குறித்து வைப்பதில்லை.

வகுப்பில் நான் நான்கு கட்டம் போடச் சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா? ஆந்தை கத்தி சாவு நடந்தது, கத்தி நடக்கவில்லை, கத்தாமல் நடந்தது, கத்தாமலும் நடக்கவில்லை. நான்கையும் நிரப்பினால்தான் ஒப்பிட முடியும். சகுனம் பார்க்கிறவர்கள் முதல் கட்டத்தை மட்டும் நிரப்பிவிட்டு நோட்டை மூடிவிடுகிறார்கள். பரீட்சையில் இப்படி எழுதியிருந்தால் நான் எத்தனை மார்க் போட்டிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

"இல்லை டீச்சர், நோயாளி இருக்கிற வீட்டுப் பக்கம்தானே கத்துகிறது" என்று ஒரு மாணவன் போனில் கேட்டான். நல்ல கேள்வி. புள்ளி ஆந்தையின் சாப்பாட்டில் பெரும்பகுதி வண்டும் வெட்டுக்கிளியும் விட்டிலும். அதனால்தான் தெருவிளக்கு அடியில் காத்திருக்கும். நோயாளி இருக்கிற வீட்டில் என்ன நடக்கும்? ராத்திரி முழுக்க விளக்கு எரியும். விளக்குக்குப் பூச்சி வரும். பூச்சிக்கு ஆந்தை வரும். அதோடு, மற்ற நாட்களில் குறட்டை விட்டுத் தூங்குகிற நாம் அன்றைக்கு விழித்திருப்போம். தினமும் கத்துகிற பறவை அன்றுதான் நம் காதில் விழும். இதில் ரகசியம் ஒன்றுமில்லை.

இனிச் சொல்லப்போவது வருத்தமான விஷயம். மாமா வீட்டார் மேல் எனக்கு இருக்கிற பாசத்தோடுதான் சொல்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாமாவுக்குப் பல வருடமாக ரத்த அழுத்தம். "தலைசுற்றல் நின்றுபோச்சு, இனி எதுக்கு மாத்திரை" என்று நான்கு மாதமாக மாத்திரையை விட்டிருந்தார். அன்றைக்கு ராத்திரி பதினொரு மணிக்கு இடது கை மரத்துப்போச்சு என்றார். பேச்சு குழறியது, வாய் ஒரு பக்கம் இழுத்தது. வாயு பிடித்திருக்கும் என்று தைலம் தேய்த்தார்கள். "இந்நேரத்துக்கு எங்கே போவது, விடியட்டும்" என்றார்கள். விடிந்த பிறகு வண்டி பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலம் போய்ச் சேரும்போது மணி ஒன்பது.

வாய் கோணுவது, ஒரு பக்கக் கை தூக்க முடியாமல் போவது, பேச்சு குழறுவது: இந்த மூன்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் அது பக்கவாதமாக இருக்கலாம். மூளையின் ரத்தக்குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கிற மருந்தை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். எல்லோருக்கும் அது பொருந்தாது. டாக்டர்தான் ஸ்கேன் எடுத்து முடிவு செய்வார். ஆனால் முடிவு செய்ய அவர் முன்னால் நேரத்தோடு போய் நிற்க வேண்டும். மலை மேல் இருக்கிற நமக்கு அந்த நாலரை மணி நேரத்தில் கணிசமான பகுதி சாலையிலேயே போய்விடும். அப்படியிருக்க, ராத்திரி பதினொரு மணியிலிருந்து விடிய விடியக் காத்திருந்தோம்.

காரியத்துக்கு வந்தவர்களில் யாராவது இதைப் பேசினார்களா? நம் குடும்பத்தில் ரத்த அழுத்த மாத்திரை போடுகிறவர்கள் குறைந்தது ஒன்பது பேர் எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவராவது வீட்டுக்குப் போய், "நான் மாத்திரையை விடவில்லையே" என்று டப்பாவைத் திறந்து பார்த்தாரா? ராத்திரியில் ஒருவருக்கு வாய் கோணினால் எந்த வண்டி, யார் ஓட்டுவது, எந்த நம்பருக்குப் போன் போடுவது என்று எந்த வீட்டிலாவது பேசி வைத்தார்களா? இல்லை. ஆந்தைதான் காரணம் என்று தீர்ந்துவிட்டதே, அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது?

என் கோபம் இதில்தான். சகுனம் என்பது வெறும் பயம் என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். அது யோசிப்பதை நிறுத்திவிடுகிறது. அடுத்த சாவைத் தடுக்க வழியிருந்தும் தடுக்காமல் நம்மை உட்கார வைக்கிறது. மரத்தை வெட்டிவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவோம். மாத்திரை டப்பா மட்டும் அலமாரியில் அப்படியே இருக்கும்.

"பெரியவர்கள் சொன்னதெல்லாம் பொய்யா?" என்று சித்தப்பா கேட்டிருந்தார். எந்தப் பெரியவர்கள், சித்தப்பா? இன்னும் பழைய பெரியவர்களைக் கேட்போம்.

குறுந்தொகையில் கபிலர் பாட்டு ஒன்று, 153ஆவது. மலைக் கூகை குழறுவதும், வீட்டு முற்றத்துப் பலா மரக் கிளையில் குரங்கு தாவுவதும் அதில் வருகின்றன. அதைக் கேட்டால் முன்பெல்லாம் பயந்த தலைவியின் நெஞ்சு, இப்போது இருட்டில் மலைவழியில் வருகிற தலைவன் பின்னாலேயே போய்விட்டது. முற்றத்தில் பலா, மலையில் கூகை. நம் வீட்டு வாசலேதான்! அங்கே கூகையின் குரல் இரவின் ஒரு சத்தம். பெண்பிள்ளை இருட்டில் பயந்தாள், அவ்வளவுதான். யார் சாவையும் அது அறிவிக்கவில்லை.

நற்றிணை 83இல் தோழி கூகையிடமே பேசுகிறாள். ஊர் வாசலில் தண்ணீர்த்துறை பக்கத்தில், கடவுள் குடியிருக்கும் பழைய மரத்தில் வாழ்கிற கூகையே, உனக்கு நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் சுட்ட எலியும் நிறையத் தருகிறோம், தலைவன் வருகிற நேரத்தில் மட்டும் கத்தாதே என்கிறாள். கத்தினால் வீட்டில் இருப்பவர்கள் விழித்துக்கொள்வார்கள், காதலன் மாட்டிக்கொள்வான். அவள் கவலை அதுதான். கூகைக்கு எலி பிடிக்கும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. பழைய மரம் கூகைக்கு வீடு என்றும் தெரிந்திருக்கிறது. மரத்தை வெட்டு என்று அவள் சொல்லவில்லை.

திருவள்ளுவர் 481ஆம் குறளில், பகலில் காக்கை கூகையை வென்றுவிடும் என்று காலமறிதலுக்கு உதாரணம் காட்டுகிறார். பறவையைப் பார்த்து எழுதியவர்களின் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்கிறேன். சுடுகாட்டையும் கூகையையும் சேர்த்துப் பாடியவரும் சங்கத்தில் உண்டு. புறநானூற்று 364ஆம் பாட்டைப் பாடியவருக்குக் கூகைக் கோழியார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் சுடுகாட்டில் ஏன் ஆந்தை இருக்கிறது? அங்கே யாரும் மரத்தை வெட்டுவதில்லை. மரம் கிழடாகும், பொந்து விழும். ராத்திரியில் ஆள் நடமாட்டம் இல்லை. ஊருக்குள் இருக்கிற பழைய மரங்களை எல்லாம் வெட்டிவிட்டு, மிச்சமிருந்த சுடுகாட்டு மரத்துக்கு அதைத் துரத்தியது நாம். பிறகு "பார், சுடுகாட்டில் வாழ்கிற பறவை" என்று சொல்வதும் நாம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "அப்படியில்லை, ஆந்தை லட்சுமியின் வாகனம், வீட்டில் இருந்தால் பணம் வரும்" என்பார்கள். பயத்துக்குப் பேராசை மருந்தாகாது. வடக்கே தீபாவளிச் சமயத்தில் ஆந்தையைப் பலி கொடுப்பதற்கும் மாந்திரீகத்துக்கும் பிடித்து விற்கிறார்கள். இந்தியாவில் 15 வகை ஆந்தைகள் இப்படி வியாபாரத்தில் சிக்குவதாக 2010இல் டிராஃபிக் அமைப்பின் அறிக்கை சொன்னது. கெட்டது என்று சொன்னாலும் சாகிறது, நல்லது என்று சொன்னாலும் சாகிறது. அதைப் பறவையாக மட்டும் பாருங்கள், போதும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். அதன் கூட்டையும் முட்டையையும் கலைப்பதும் அந்தச் சட்டத்தில் வேட்டைக்குள்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை கோடாரியோடு வருகிறவர்கள் பொந்துக்குள் எட்டிப் பார்த்தார்களா? மலைப்பகுதி மரங்களுக்கென்று 1955ஆம் ஆண்டுச் சட்டமும் தமிழ்நாட்டில் இருக்கிறதே, அனுமதி வேண்டுமா என்று யாராவது விசாரித்தார்களா?

அடுத்து, எழுதக் கூடாது என்று நினைத்து நினைத்து எழுதுகிற விஷயம்.

மாமாவின் பதினாறாம் நாள் முடிந்ததும் அத்தையிடம், "காலையில் தோட்டத்துக்குப் போகிறவங்க எதிரில் வராதீங்க, திண்ணையில் உட்காராதீங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். நாற்பது வருடம் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து காபிக்கொட்டை பொறுக்கியவர் அத்தை. என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்கும் இது நடந்தது. என்னைக் கண்டதும் திரும்பிப் போய், தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்பட்டவர்களில் என்னிடம் படித்தவர்களும் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். அவர்களுக்கே தெரியும்.

ஆந்தைக்கும் அத்தைக்கும் ஒரே வழக்குத்தான் போட்டிருக்கிறீர்கள். இரண்டு பேரும் சாவு நடந்த இடத்தில் இருந்தார்கள். அதற்கு மேல் ஒரு சாட்சியும் இல்லை. பறவையின் மேல் பழி போடப் பழகிய வாய் மனுஷியின் மேல் போடத் தயங்காது. அதனால்தான் "ஒரு ஆந்தைக்காக டீச்சர் ஏன் இவ்வளவு கத்துகிறார்" என்று கேட்காதீர்கள்.

மரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புள்ளி ஆந்தைக்கு மரம் கொத்தத் தெரியாது. கிளை ஒடிந்து உளுத்துப்போன இடத்தில் தானாக விழுந்த பொந்துதான் அதன் வீடு. அப்படிப் பொந்து விழ மரத்துக்கு வயதாக வேண்டும். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காபியைக் கொண்டுவந்ததிலிருந்து சேர்வராயன் மலையில் காபிக்கு நிழல் தேவைப்பட்டது. பலாவும் அத்தியும் மற்ற நாட்டு மரங்களும் இருந்த இடங்களில் இப்போது எங்கே பார்த்தாலும் சில்வர் ஓக். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். நேராக வளரும், மிளகுக்கொடி ஏற்றலாம், விலைக்கு வெட்டலாம். லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் கிழடாகிப் பொந்து விழும் வரை அதை யாரும் விட்டு வைப்பதில்லை. எஸ்டேட்டில் இல்லாத பொந்து இன்னும் நம் வீட்டு வாசல் பலாவில் இருக்கிறது. ஆந்தை அங்கே வந்ததற்குக் காரணம் அதுதான்.

அதை விரட்டினால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள். குஞ்சு வளர்க்கும் காலத்தில் அது பூச்சியோடு எலிக்குஞ்சு, சுண்டெலியும் நிறையப் பிடிக்கும். பள்ளியில் ஆந்தை கக்கிய உருண்டையைப் பிரித்து, உள்ளே இருந்த எலும்பையும் வண்டின் ஓட்டையும் தாளில் ஒட்டி ரெக்கார்டு எழுதினீர்களே, மறந்துவிட்டதா? நெல் வயலில் டி வடிவக் குச்சி நட்டால் ஆந்தை உட்கார்ந்து எலி பிடிக்கும் என்று விவசாயத் துறையே சொல்கிறது. மலேசியாவில் இருக்கிற நம் சொந்தக்காரர்களைக் கேளுங்கள். அங்கே எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் எலிக்காகவே பெட்டி கட்டி வைத்துக் கூகையைக் குடியேற்றுகிறார்கள். நாமோ இருக்கிற ஆந்தையைத் துரத்திவிட்டு, கடையில் எலி மருந்து வாங்கி வைக்கிறோம். ரத்தத்தை உறைய விடாமல் செய்கிற மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது, தள்ளாடிக்கொண்டு திரியும். அதைப் பிடித்துத் தின்கிற ஆந்தைக்குள்ளும், வீட்டுப் பூனைக்குள்ளும் அந்த விஷம் போகும்.

இனி நான் கேட்பது நான்கு.

ஒன்று, ஞாயிற்றுக்கிழமை வருகிற ஆளை நிறுத்துங்கள். கூரை மேல் சாய்ந்த காய்ந்த கிளை இருந்தால், பொந்தில் குஞ்சு இல்லாத காலமாகப் பார்த்து அந்தக் கிளையை மட்டும் கழித்துவிடுங்கள். ஆள் கூலியை நான் தருகிறேன்.

இரண்டு, குரூப்பில் இருக்கிற பிள்ளைகள் யாராவது ஒரு நோட்டுப் போடுங்கள். முப்பது இரவு ஆந்தை கத்தியதா இல்லையா என்று குறியுங்கள். நான்கு கட்டத்தையும் நிரப்பி எனக்கு அனுப்புங்கள். முடிவு எதுவாக இருந்தாலும் இதே பக்கத்தில் போடுகிறேன்.

மூன்று, இன்றைக்கு ராத்திரியே ரத்த அழுத்தம், சர்க்கரை இருக்கிற பெரியவர்களின் மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணிப் பாருங்கள். ராத்திரி வண்டி ஓட்டுகிற இரண்டு பேருடைய நம்பரையும் 108ஐயும் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். வாய் கோணினால் விடியட்டும் என்று யாரும் சொல்லக் கூடாது.

நான்கு, அத்தையைத் திண்ணையில் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் சனிக்கிழமை நானே வந்து பக்கத்தில் உட்காருவேன். காபி போட்டு வையுங்கள்.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் கீழே தாராளமாக எழுதுங்கள். திட்டுவதென்றாலும் காரணத்தோடு திட்டுங்கள், பிழையில்லாமல் எழுதுங்கள். திருத்தும் பழக்கம் இன்னும் போகவில்லை.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்
ஏற்காடு